துட்டன்காமன் கல்லறையும் பெயர் தெரியாத கைகளும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "சார், இருபது நிமிஷம் பேசணும். அரசியல் வேண்டாம். ஹாஸ்டல் நினைவுகளும் வேண்டாம், அதை எல்லாரும் பேசிடுறாங்க. நீங்க படிச்ச சரித்திரத்திலேருந்து ஏதாவது சொல்லுங்க" என்றார். சரி என்றேன். சாப்பாட்டுக்கு முன்னால் கல்லறையைப் பற்றிப் பேசுவது உசிதமா என்று கொஞ்சம் யோசித்தேன். ஆனால் அந்தக் கல்லறைக்குள் கட்டில் இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, விளையாட்டுப் பலகை இருக்கிறது, மது ஜாடியும் இருக்கிறது. நம்முடைய இன்றைய கூட்டத்தைவிட வசதி அங்கே கூடுதல். ஆகவே பரவாயில்லை என்று துணிந்துவிட்டேன்.

எகிப்து நாட்டில், கெய்ரோவுக்குப் பக்கத்தில், கிசா பிரமிடுகளை ஒட்டி ஒரு பெரிய அருங்காட்சியகம் கட்டி, 2025 நவம்பரில் முழுமையாகத் திறந்தார்கள். துட்டன்காமன் என்ற இளம் மன்னனின் கல்லறையில் கிடைத்த 5,398 பொருட்களும் முதல் தடவையாக ஒரே இடத்தில் அங்கே வைக்கப்பட்டன. அந்தப் பொருட்கள் என்ன சொல்கின்றன, அவற்றைச் செய்தது யார் என்ற இரண்டு கேள்விகளைத்தான் இன்றைக்கு உங்கள் முன் வைக்கப் போகிறேன்.

முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லக்சர் நகருக்கு எதிரே, நைல் நதியின் மேற்குக் கரையில், மன்னர்களின் பள்ளத்தாக்கு என்று ஓர் இடம் உண்டு. அங்கே ஹோவார்ட் கார்ட்டர் என்ற ஆங்கிலேயர், கார்னர்வன் பிரபுவின் பணத்தில் பல ஆண்டுகள் தோண்டிக்கொண்டிருந்தார். 1922 நவம்பர் 4-ஆம் தேதி ஒரு படிக்கட்டு தென்பட்டது. 26-ஆம் தேதி உள்கதவில் துளை போட்டு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எட்டிப் பார்த்தார். உள்ளே இருந்ததையெல்லாம் எண் போட்டு, படம் எடுத்து, பழுது பார்த்து வெளியே கொண்டுவர 1932 வரை ஆயிற்று. நான்கே அறைகள், பத்து வருஷ வேலை!

அந்த மன்னன் யார்? கி.மு. 1332 வாக்கில், எட்டு ஒன்பது வயதில் அரியணை ஏறிய பையன். பத்தொன்பது வயதை ஒட்டி இறந்துபோனான். இங்கே இரண்டாம் ஆண்டு படிக்கிற பிள்ளைகளின் வயது. அவனுக்கு முன் ஆண்ட அக்கெனாதென், பழைய தெய்வங்களையெல்லாம் ஒதுக்கி, ஆதென் என்ற சூரிய வட்டத்தை மட்டும் வணங்கச் சொன்னவன். பையனுக்கு முதலில் இட்ட பெயர் துட்டன்காதென். பழைய சமயம் திரும்பியதும் அமூன் கடவுளின் பெயர் சேர்ந்து துட்டன்காமன் ஆயிற்று. இந்தப் பெயர் மாற்றத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் என்பதுதான் இன்றைய பேச்சின் நடு நரம்பு.

இனி தங்கத்துக்கு வருவோம். எல்லாரும் அதற்குத்தானே காத்திருக்கிறீர்கள்!

மன்னனின் முகத்தின் மேல் இருந்த பொன் கவசத்தின் உயரம் 54 சென்டிமீட்டர், எடை சுமார் 10 கிலோ 230 கிராம். நம் கணக்கில் ஏறத்தாழ 1,280 சவரன். உடல் இருந்த உள்பெட்டி முழுக்கத் தங்கம், எடை 110 கிலோவுக்கு மேல். அதாவது 13,800 சவரன். முன் வரிசையில் பெருமூச்சு கேட்கிறது. ஆனால் எகிப்தியன் இதைச் சவரன் கணக்கில் நினைக்கவில்லை. தெய்வங்களின் சதை பொன், எலும்பு வெள்ளி, தலைமுடி லாபிஸ் என்ற நீலக்கல் என்பது அவர்கள் நம்பிக்கை. பொன் துருப்பிடிக்காது, மங்காது, அழியாது. அழுகிப் போகிற உடம்புக்கு மேலே அழியாத உடம்பு ஒன்றைப் போர்த்துகிறார்கள். மனிதனாகச் செத்தவன் தெய்வமாக எழுந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் கணக்கு.

அந்தக் கவசத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். நெற்றியில் ஒரு கழுகுத் தலை, ஒரு நாகம். கழுகு தெற்கு எகிப்தைக் காக்கிற நெக்பெத் தெய்வம். நாகம் வடக்கு எகிப்தைக் காக்கிற வாட்ஜெத். இரண்டு நாடும் ஒரே தலையின் கீழ் என்று பொருள். கண்ணின் வெள்ளை படிகக்கல், கருவிழி எரிமலைக் கண்ணாடிக் கல். கண்ணின் ஓரத்தில் லேசாகச் சிவப்புத் தீற்றியிருக்கிறான் அந்த ஆசாரி. உயிருள்ள கண்ணில் அந்த ஓரச் சிவப்பு உண்டல்லவா? அதை அவன் கவனித்திருக்கிறான். புருவத்திலும் கண் விளிம்பிலும் இருக்கிற நீலக்கல் இன்றைய ஆப்கானிஸ்தானத்து மலைகளிலிருந்து பாலைவனங்களைக் கடந்து வந்தது. தலைத்துணியின் நீலக் கோடுகளோ வெறும் கண்ணாடி. 'ஏமாற்று வேலை' என்று நினைக்காதீர்கள். அந்தக் காலத்தில் நிறக் கண்ணாடி செய்வதே அரண்மனைப் பட்டறைகளின் பெரிய வித்தை.

இன்னொரு நுட்பம். கவசத்தின் உடல் ஏறத்தாழ 23 காரட் தங்கம். ஆனால் மேற்பரப்பில் மிக மெல்லிய பூச்சாக இரண்டு வேறு மாற்றுத் தங்கம் இருப்பதைக் கருவிகளால் கண்டுபிடித்தார்கள். முகத்திலும் கழுத்திலும் 18.4 காரட், மற்ற இடங்களில் 22.5 காரட். எதற்காக? முகம் சற்று வெளிறி, மற்றது சற்று ஆழ்ந்து தெரிய வேண்டும் என்பதற்காக. நிறத்தைத் தூரிகையால் கொண்டுவரவில்லை, மாற்றிலேயே கொண்டுவந்தான். கவசத்தின் பின்பக்கம் இறந்தோர் நூலின் ஒரு மந்திரத்தைப் பொறித்திருக்கிறார்கள். மன்னனின் கண்கள் சூரியனின் பகல் ஓடமும் இரவு ஓடமும் என்று அது சொல்கிறது. அதாவது அந்த முகம் பார்க்க மட்டும் செய்ததில்லை; மந்திரம் எழுதிய ஓர் ஏடு மாதிரியும் அது வேலை செய்தது.

இந்தப் பொன் விஷயம் எல்லோருக்கும் தெரியும். எனக்கு மிகவும் பிடித்தவை சின்னச் சாமான்கள்தான்.

ஷப்தி என்று சிறு பொம்மைகள். மறுமையில் வயல் வேலைக்கு ஆள் கூப்பிட்டால், 'இதோ நான்' என்று மன்னனுக்குப் பதிலாக எழுந்து போக வேண்டிய பொம்மைகள். துட்டன்காமன் கல்லறையில் 413 ஷப்திகள். கணக்கு மாணவர்கள் கவனிக்கவும்: வருஷத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வேலையாள் வீதம் 365. எகிப்தியருக்கு வாரம் என்றால் பத்து நாள். பத்து பேருக்கு ஒரு மேஸ்திரி வீதம் 36. மாதத்துக்கு ஒரு மேற்பார்வையாளர் வீதம் 12. கூட்டிப் பாருங்கள், 413. செத்த பிறகும் மேஸ்திரி இல்லாமல் வேலை நடக்காது என்பதை மூவாயிரம் வருஷத்துக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள்!

மன்னனின் செருப்பின் அடியில் எதிரி நாட்டுக் கைதிகளின் உருவம். நடக்க நடக்க மிதிபட வேண்டுமாம். கைத்தடிகளின் வளைவில் நூபிய வீரனும் ஆசிய வீரனும் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். இவ்வளவு வீராப்பும் சரி. ஆனால் அந்தக் கைத்தடிகள் எத்தனை தெரியுமா? முழுசும் உடைந்ததுமாகச் சுமார் 130. 2010-இல் அந்த உடலை ஆராய்ந்தவர்கள், இடது பாதத்தில் எலும்பு நோய் இருந்ததாகச் சொன்னார்கள். எதிரியை மிதிக்கிற செருப்புப் போட்ட பையன், ஒருவேளை தடி ஊன்றித்தான் நடந்திருக்கிறான். அந்தத் தடிகளில் ஒன்று சாதாரண நாணல். மன்னர் தம் கையாலேயே வெட்டியது என்று அதன் பொன் பூணில் எழுதியிருக்கிறது. தங்கத்தின் நடுவே அந்த நாணல் குச்சியைப் பத்திரமாக வைத்தவர்களுக்கு மனசு என்று ஒன்று இருந்திருக்கிறது.

ஒசிரிஸ் தெய்வத்தின் உருவத்தில் ஒரு மரச் சட்டம் கிடைத்தது. அதில் நைல் வண்டலை நிரப்பித் தானியம் விதைத்திருந்தார்கள். மூடிய இருட்டுக்குள் அந்த விதை முளைத்து, பிறகு காய்ந்திருந்தது. மறுபிறப்பு என்பதை இதைவிட எளிதாக யார் சொல்ல முடியும்? காவல் நின்ற இரண்டு ஆளுயரச் சிலைகளின் தோல் கறுப்பு. அது துக்கத்தின் கறுப்பு அல்ல. விளைச்சல் தருகிற வண்டல் மண்ணின் கறுப்பு.

விஞ்ஞான மாணவர்களுக்கு இரண்டு செய்தி. மன்னனின் உடலோடு இரண்டு குத்துவாள் இருந்தன. ஒன்று பொன், மற்றொன்று இரும்பு. எகிப்தில் இரும்பு உருக்கத் தெரியாத காலம் அது. 2016-இல் எக்ஸ் கதிர் கொண்டு சோதித்தபோது, அந்த இரும்பில் ஏறத்தாழ 11 சதவீதம் நிக்கலும் சிறிது கோபால்ட்டும் இருந்தன. பூமியில் தோண்டி எடுக்கிற இரும்பில் இவ்வளவு நிக்கல் இராது. அது விண்கல் இரும்பு! பிற்கால எகிப்தியர் இரும்பைக் குறிக்க 'வானத்து உலோகம்' என்ற பொருள் தரும் சொல்லை எழுதினார்கள். அடுத்தது, மார்புப் பதக்கம் ஒன்றின் நடுவில் இருக்கிற மஞ்சள் வண்டு. அதைச் சாதாரணக் கல் என்றே கார்ட்டர் எழுதிவைத்தார். 1990-களின் கடைசியில்தான் அது லிபியப் பாலைவனக் கண்ணாடி என்று தெரிந்தது. விண்ணிலிருந்து ஏதோ ஒன்று மோதிய வெப்பத்தில் மணல் உருகி, சுமார் 2 கோடியே 90 லட்சம் ஆண்டுகளுக்கு முன் உண்டான கண்ணாடி. உதிக்கிற சூரியனுக்கு வண்டுதான் அடையாளம். அதற்கு அந்த மஞ்சளைத் தேடிப் பிடித்தவனின் கண்ணை என்னவென்று சொல்வது!

இதுவரை பெருமை பேசினேன். இனி கொஞ்சம் உள்குட்டும் பேசணும். இந்த வேலையெல்லாம் அவசரத்தில் நடந்த வேலை.

பையன் திடீரென்று இறந்துவிட்டான். உடலைப் பதப்படுத்தி அடக்கம் செய்ய எழுபது நாள் என்பது வழக்கம். கல்லறையோ ராஜாவுக்கு ஏற்ற அளவில்லை. கல் பேழையின் அடிப்பகுதி குவார்ட்சைட், மூடி கிரானைட். மூடி நிறம் ஒத்துப் போக வேண்டும் என்று வர்ணம் பூசியிருக்கிறார்கள். மூடி நடுவில் விரிசல் விட்டிருக்கிறது; சாந்து வைத்து அடைத்து, அதன்மேலும் வர்ணம்! வெளிப்பெட்டியின் கால்பக்கம் உயரமாகி, மூடி உட்காரவில்லை. என்ன செய்வது? பொன் தகடு போர்த்திய அந்த மரத்தைச் சீவித் தள்ளிவிட்டார்கள். அந்தச் செதில்கள் பேழையின் அடியிலேயே கிடந்தன. பெட்டியைச் சுற்றி நான்கு பொன் மண்டபங்கள், ஒன்றுக்குள் ஒன்று. எந்தப் பலகை எந்தத் திசைக்கு என்று தச்சர்கள் அடையாளம் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். கோத்தவர்கள் அதைப் பார்க்காமல், மேற்கே இருக்க வேண்டிய கதவுகளைக் கிழக்கே வைத்துவிட்டார்கள். சுத்தியல் அடித்த தழும்பு பொன்னில் அப்படியே இருக்கிறது. நம்மூர் காண்டிராக்ட் வேலையை நீங்கள் நினைத்தால் நான் பொறுப்பில்லை.

இன்னும் ஒன்று. மன்னனின் உள்ளுறுப்புகளை வைத்த நான்கு குட்டிப் பொன் பெட்டிகள், பார்க்கப் பார்க்கத் தெவிட்டாத நகாசு வேலை. உள்பக்கம் எழுத்துகளை உற்றுப் பார்த்தால், வேறொருவர் பெயரை அழித்து அதன்மேல் துட்டன்காமன் பெயரைப் பொறித்திருப்பது தெரிகிறது. வேறொருவருக்குச் செய்து வைத்ததை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அங்கே பெயரை மாற்றினால் பொருளின் சொந்தக்காரரே மாறிவிடுவார்.

சரி, இதையெல்லாம் செய்தவர்கள் யார்? பேழையில் அவர்கள் பெயர் இல்லை. பொன் கவசத்தில் இல்லை. அரியணையில் இல்லை. மன்னனுக்கு அவன் மனைவி அன்கெசெனமுன் தைலம் பூசுகிற காட்சி அந்த அரியணையின் சாய்மானத்தில் இருக்கிறது. உலகத்தின் மிக அழகான கணவன் மனைவி படங்களில் அது ஒன்று. அதைச் செய்தவன் பெயர் இல்லை.

ஆனால் அவர்களுடைய இனத்தாரை நமக்குத் தெரியும். மன்னர் பள்ளத்தாக்குக்குப் பக்கத்தில் தெய்ர் எல் மதீனா என்று ஒரு தொழிலாளர் கிராமம். தலைமுறை தலைமுறையாக அரசக் கல்லறைகளை வெட்டி, சித்திரம் தீட்டியவர்கள் அங்கே குடியிருந்தார்கள். ஓட்டுச் சில்லிலும் கல் சில்லிலும் அவர்கள் எழுதிப் போட்ட குறிப்புகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. செப்பு உளியை எடைபோட்டுக் கொடுத்து எடைபோட்டுத் திரும்ப வாங்கியிருக்கிறார்கள், செம்பு திருட்டுப் போகாமல் இருக்க. இருட்டுச் சுரங்கத்தில் எரிக்க எத்தனை திரி கொடுத்தோம் என்பதற்கும் கணக்கு.

இரண்டாம் ராம்சேஸின் 40-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு கல் சில்லு லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அது என்ன தெரியுமா? அட்டென்டன்ஸ் ரெஜிஸ்டர்! யார் எந்த நாள் வேலைக்கு வரவில்லை, ஏன் வரவில்லை என்று பெயர் போட்டு எழுதியிருக்கிறது. ஒருவனுக்குத் தேள் கொட்டிவிட்டது. ஒருவனுக்குக் கண் நோய். ஒருவன் பீர் காய்ச்சப் போய்விட்டான். ஒருவன் இறந்த தாயின் உடலுக்குத் துணி சுற்றப் போயிருந்தான். மன்னருக்குக் கல்லறை வெட்டுகிறவனுக்கும் தன் அம்மாவை அடக்கம் செய்ய ஒரு நாள் லீவு வேண்டியிருக்கிறது. பொன் கவசத்தைவிட என்னை உலுக்கிய பொருள் அந்தக் கல் சில்லுதான்.

இன்னொரு சம்பவம். மூன்றாம் ராம்சேஸின் 29-ஆம் ஆண்டு, கி.மு. 1157 வாக்கில், இவர்களுக்குக் கூலியாக வர வேண்டிய தானியம் வரவில்லை. நாள் தள்ளிக்கொண்டே போனது. ஒரு நாள் எல்லோரும் உளியைப் போட்டுவிட்டுக் கிளம்பி, கோவிலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார்கள். பசி, தாகம், உடுக்கத் துணியில்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை, மன்னருக்குச் சொல்லி அனுப்புங்கள் என்றார்கள். அதிகாரிகள் சமாதானம் பேசினார்கள், நடக்கவில்லை. கடைசியில் தானியம் வந்தது. உலகத்தில் எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் இதுதான். அந்தப் பாப்பிரஸ் இத்தாலியின் டூரின் நகரத்தில் இருக்கிறது. இந்த இரண்டு செய்தியும் துட்டன்காமனுக்குப் பிற்பட்டவை என்பதை மறக்கக் கூடாது. ஆனால் கிராமம் அதே கிராமம், தொழில் அதே தொழில்.

இப்போது பெயர் விஷயத்துக்குத் திரும்புவோம். ஒருவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும் வரை அவர் வாழ்கிறார் என்று எகிப்தியர் நம்பினார்கள். அதனால்தான் பெயரை வெட்டி அழிப்பது அவர்களிடம் மரண தண்டனைக்கும் மேலான தண்டனை. அக்கெனாதென் காலத்துச் சம்பந்தம் இருந்ததால், பின்னால் வந்தவர்கள் துட்டன்காமனையும் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். அபிதோஸில் முதலாம் சேத்தி எழுதிவைத்த மன்னர் வரிசையில் அவன் பெயர் கிடையாது. ஆனால் விசித்திரம் பாருங்கள். அடக்கம் ஆன கொஞ்ச காலத்திலேயே திருடர்கள் இரண்டு தடவை உள்ளே புகுந்து சில்லறைச் சாமான்களை எடுத்தார்கள், அத்தோடு சரி. அப்புறம் ஆறாம் ராம்சேஸின் கல்லறை வெட்டிய தொழிலாளர்கள், இந்தக் கல்லறை வாசலுக்கு மேலேயே குடிசை போட்டார்கள். கீழே யார் இருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பெரிய பெயர் பெற்ற மன்னர்களின் கல்லறைகளெல்லாம் கொள்ளை போயின. பெயர் அழிக்கப்பட்ட பையன் தப்பித்தான். இன்று எகிப்து மன்னர்களிலேயே உலகம் அதிகம் உச்சரிக்கிற பெயர் அவனுடையது.

கண்டுபிடித்தபோதும் இதே பெயர்க் கதைதான். புகைப்படங்களில் கூடை சுமக்கிற நூற்றுக்கணக்கான எகிப்தியத் தொழிலாளர்களின் பெயர் எங்கும் இல்லை. தம் நூலில் நான்கு மேஸ்திரிகளுக்கு கார்ட்டர் பெயர் சொல்லி நன்றி கூறினார்: அகமது குர்கர், காத் ஹசன், ஹுசைன் அபு அவத், ஹுசைன் அகமது சயீத். அந்த நான்கு பெயரையாவது இந்த மேடையில் ஒரு முறை சொல்லிவிடணும் என்று எனக்கு ஆசை.

இன்னொரு பாடமும் உண்டு. 2014-இல் சுத்தம் செய்கிற நேரத்தில் பொன் கவசத்தின் தாடி கழன்று வந்துவிட்டது. அவசரமாக எபாக்சி பசை போட்டு ஒட்டிவிட்டார்கள். விஷயம் வெளியே தெரிந்து உலகமே சிரித்தது. பிறகு ஜெர்மானிய நிபுணர் ஒருவரும் எகிப்திய நிபுணர்களும் சேர்ந்து, அந்தப் பசையை மரக் கருவிகளால் பொறுமையாகச் சுரண்டி எடுத்து, 2015 டிசம்பரில் தாடியைச் சரியாக ஒட்டினார்கள். எதை வைத்துத் தெரியுமா? தேன்மெழுகு. பழைய எகிப்தியர் பயன்படுத்திய அதே பொருள்.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த தடவை ஏதாவது அருங்காட்சியகத்துக்குப் போனால், இது எத்தனை கிலோ, என்ன விலை என்று கேட்காதீர்கள். எந்த உளி, எந்தத் தீ, எத்தனை நாள், யார் கை என்று கேளுங்கள். உளித் தழும்பையும் ஒட்டுப் போட்ட இடத்தையும் தேடுங்கள். அங்கேதான் ஆள் இருக்கிறான்.

முன்னாள் மாணவர்களுக்கும் ஒன்று. நம் சங்கத்தின் செலவில் ஒரு கட்டடமோ நூலக அறையோ வரும்போது, நன்கொடை கொடுத்தவர்கள் பெயரைச் சலவைக்கல்லில் பொறிக்கிறோம். பொறிக்க வேண்டியதுதான். அந்தக் கல்லின் கீழ்க் கோடியில் கொத்தனார், தச்சர், எலக்ட்ரீஷியன், சித்தாள் இவர்கள் பெயருக்கும் நாலு வரி இடம் விடலாமே? செலவு அதிகம் ஆகாது. கல் வெட்டுகிறவர் எழுத்துக்கு இவ்வளவு என்று சொல்வார். அந்தத் தொகையை நான் தருகிறேன். செயலாளர் குறித்துக்கொள்ளட்டும்.

சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் முடித்துவிடுகிறேன்.